பைக்குள்ள என்ன நடக்குது? மரக்கன்றும் அதோட வேரும்

(ஒலிபரப்பான பகுதியின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

ஐப்பசி நெருங்குது. இனிமே ஊர் ஊருக்கு மரக்கன்று கொடுப்பாங்க, பள்ளிக்கூடத்தில் நடுவாங்க, ஏரிக்கரையில் நடுவாங்க. நடுறதைப் பத்தி நாம நிறையப் பேசியாச்சு. குழி எவ்வளவு ஆழம், வேலி எப்படி, தண்ணி யார் ஊத்துறது எல்லாம் பழைய பகுதிகள்ல இருக்கு. இன்னைக்கு அதுக்கு முந்தின கட்டம். அந்தக் கன்று நம்ம கைக்கு வர்றதுக்கு முன்னாடி நாற்றங்காலில் அதுக்கு என்ன நடந்துச்சு?

நர்சரிக்குப் போய் கன்று எடுக்கிறவங்களைக் கவனிச்சிருக்கீங்களா? பத்துப் பேர் போனா ஒன்பது பேர் இடுப்புயரம் நிக்கிற, பச்சைப்பசேல்னு இருக்கிற கன்றைத்தான் எடுப்பாங்க. முழங்கால் உயரத்தில் கட்டையா, இலை கொஞ்சம் கரும்பச்சையா, அழகில்லாம இருக்கிறதை யாரும் தொடமாட்டாங்க. பல நேரம் அந்தக் கட்டையானதுதான் பிழைக்கும். ஏன்னா நாம பார்க்கிறது மேல. மரத்தோட கதை முடிவாகிறது கீழ, அந்தக் கறுப்புப் பைக்குள்ள.

வேர் போற வழி

நம்ம ஊரில் பெரும்பாலும் பாலிதீன் பைதான். சின்னப் பைன்னா 13 சென்டிமீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் நீளம். வேம்பு, புங்கம், நாவல், இலுப்பை மாதிரி மரங்கள் முளைச்சதும் முதல் வேலையா ஆணிவேரை இறக்கும். மேல நாலு இலைதான் இருக்கும், கீழ வேர் ஒரு சாண் போயிருக்கும். வறண்ட பூமியில் பிறந்த மரத்துக்கு அதுதான் புத்தி. கோடை வர்றதுக்குள்ள ஈரத்தைப் பிடிச்சாகணும்.

காட்டில் அந்த வேர் போய்க்கிட்டே இருக்கும். பைக்குள்ள ஓரிரு மாசத்தில் அடியைத் தொட்டுடும். தொட்டதும் ரெண்டு வழிதான் இருக்கு. பையில் ஓட்டை இருந்தா அது வழியா வெளிய வந்து தரைக்குள்ள இறங்கும். இல்லேன்னா பைச்சுவரை ஒட்டியே சுத்த ஆரம்பிக்கும். பை வழவழன்னு இருக்கிறதால வேரைத் தடுத்துத் திருப்பிவிட அங்க எதுவும் இல்லை. கடிகாரச் சுருள் மாதிரி ஒரு சுத்து, ரெண்டு சுத்து, மூணு சுத்து.

நட்ட பிறகு வேர் தானா நிமிர்ந்துக்கும்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. நிமிராது. பச்சை வேர் கொஞ்ச நாளில் கட்டையாயிடும். கட்டையான பிறகு அது எந்த வடிவத்தில் இருக்கோ அந்த வடிவத்திலேயே பருக்கும். முதல் ரெண்டு வருஷம் ஒண்ணும் தெரியாது. தண்ணி ஊத்துறோம், தழையுது, போட்டோ எடுக்கிறோம். அஞ்சாறு வருஷம் கழிச்சு, தண்டும் பருத்து வேரும் பருக்கும்போது ஒண்ணையொண்ணு நெரிக்கும். தண்ணி மேல ஏர்றது குறையும், இலையில் செய்யற சாப்பாடு கீழ இறங்கிறதும் குறையும். மரம் காரணம் தெரியாம வாடுது, நுனி காயுதுன்னு சொல்வோம். இல்லேன்னா ஒரு காத்துக்கு அப்படியே சாயும். சாய்ஞ்ச மரத்தோட அடியைப் பாருங்க, சில சமயம் பை வடிவத்திலேயே ஒரு வேர்க்கட்டி இருக்கும்.

2016 டிசம்பரில் வர்தா புயல் அடிச்சப்போ சென்னையில் சாலையோர மரங்கள் எத்தனை விழுந்துச்சுன்னு நமக்கு நினைவிருக்கும். அதுக்கெல்லாம் நாற்றங்கால்தான் காரணம்னு சொல்ல வரலை. சுத்தி சிமெண்ட் போட்டது, கேபிளுக்காக வேரை வெட்டினது, காத்துக்குத் தாங்காத வெளிநாட்டு மரத்தை வச்சது, இப்படிப் பல இருக்கு. ஆனா புயல் வர்ற கடற்கரையில் இருந்துகிட்டு வேரைப் பத்திக் கவலைப்படாம கன்று வளர்க்கிறது, அஸ்திவாரம் போடாம மாடி கட்டுற மாதிரிதான்.

காத்து வெட்டுற வேர்

இதுக்கு ரொம்ப எளிமையான ஒரு தீர்வு இருக்கு. வேர் நுனி காத்தைத் தொட்டா காய்ஞ்சுடும். நுனி காய்ஞ்சதும் அதுக்கு மேல இருந்து புதுப் பக்கவேர்கள் கிளம்பும். செடியோட நுனியைக் கிள்ளினா பக்கக் கிளை வர்ற மாதிரிதான். மல்லிகைக்கு நாம மேல செய்யறதை இங்க காத்து கீழ செய்யுது.

ரூட் ட்ரெய்னர்னு சொல்ற குழாய்த்தட்டு இந்தத் தத்துவத்தில்தான் வேலை செய்யுது. உள்பக்கம் மேலிருந்து கீழா வரப்பு மாதிரி கோடுகள் இருக்கும். வேர் சுத்தப் பார்த்தா அந்தக் கோடு தடுத்து கீழ அனுப்பும். அடி திறந்திருக்கும். தட்டைத் தரையில் வைக்காம இடுப்புயர ஸ்டாண்டில் வைக்கணும், அப்பதான் அடியில் காத்து போகும். ரூட் ட்ரெய்னர் வாங்கி அதைத் தரையில் அடுக்கி வச்சிருக்கிற நர்சரிகளும் இருக்கு. காசு போட்டு வாங்கின பலன் அங்கேயே போச்சு.

குறையும் சொல்லணும். 150, 300 மில்லி அளவு குழாயில் மண் கொஞ்சம்தான் பிடிக்கும். சித்திரை வெயிலில் ஒரு வேளை தண்ணி தவறினாலும் போச்சு. ஆளும் தண்ணியும் நிச்சயமா இருக்கிற இடத்துக்குத்தான் அது சரி.

பைதான் கட்டுப்படியாகும்னா அதிலேயும் வழி இருக்கு. பையைத் தரையில் அப்படியே ஆறு மாசம் விடாம, மாசத்துக்கு ஒருமுறை தூக்கி இடம் மாத்தி வைக்கணும். ஓட்டை வழியா தரைக்குள்ள இறங்கின வேர் அப்ப அறும். அறுந்தா உள்ள பக்கவேர் கூடும். அப்பவே உயரமானது ஒரு பக்கம், குட்டையானது ஒரு பக்கம்னு பிரிச்சு வச்சா, குட்டைக்கும் வெயில் கிடைக்கும். ஆனா பெரிய நர்சரியில் ஆயிரக்கணக்கான பையைக் குனிஞ்சு நிமிர்ந்து மாத்துறது இடுப்பை ஒடிக்கிற வேலை. அதைச் செய்யறது பெரும்பாலும் தினக்கூலிப் பெண்கள். ஆளில்லைன்னா முதல்ல நிறுத்தப்படுற வேலையும் இதுதான். ஆறு மாசம் மாத்தாம விட்டு, கொடுக்கிற அன்னைக்குப் பிடுங்கினா ஆணிவேர் தரையோட போயிடும். லாரி ஏறும்போதே அந்தக் கன்று பாதி செத்தாச்சு.

வேப்பம்பழமும் ஐப்பசி மழையும்

இப்ப ஒரு நிஜமான சிக்கல். ஆனி, ஆடியில் வேப்பம்பழம் கொட்டும். வேப்பவிதையைச் சேர்த்து வைக்க முடியாது. ரெண்டு மூணு வாரத்தில் முளைப்புத்திறன் மளமளன்னு சரியும். அதனால அப்பவே போட்டாகணும். வடகிழக்குப் பருவமழையை நம்பி நடுற மாவட்டங்களில் நடவு ஐப்பசி. நடுவில் மூணு மாசம்தான். அப்ப கன்று ஒரு சாண், ஒன்றரைச் சாண் இருக்கும். "இதையா கொடுக்கிறீங்க?"ன்னு வாங்குறவங்க முகம் சுளிப்பாங்க. சரி, அடுத்த ஐப்பசிக்குக் கொடுப்போம்னு வச்சா பதினஞ்சு மாசம் ஆகுது. பதினஞ்சு மாசம் அதே 13க்கு 25 பையில். உயரம் நல்லா இருக்கும், வேர் சுத்திச் சுத்தி முடிச்சாயிருக்கும்.

என் கருத்து, வேலி போட்ட இடம்னா அந்த மூணு மாசக் கன்றே மேல். வேர் இன்னும் பச்சையா, நேரா இருக்கு. முதல் மழையில் நட்டா மழை நிக்கிறதுக்குள்ள ஆழம் போயிடும். ஆனா உயரமான கன்று கேக்கிறவங்களையும் தப்பு சொல்ல முடியாது. ஆடு மேயுற புறம்போக்கில் ஒரு சாண் வேப்பங்கன்று ஒரு நாள் தாங்காது. சாலையோரத்துக்கு ஆளுயரக் கன்று வேணும்தான். அப்படின்னா கன்றோட சேர்ந்து பையும் வளரணும். வேர் அடியைத் தொட்டதுமே பெரிய பைக்கு மாத்தணும். அதுக்குக் கூலி, மண், இடம் எல்லாம் கூடுதல். அந்தச் செலவைக் கணக்கில் எழுதாம உயரத்தை மட்டும் கேட்டா, நர்சரிக்காரர் என்ன செய்வார்? சின்னப் பையிலேயே நெருக்கி அடுக்கி, நிழல்வலை போட்டு, யூரியா கரைச்சு ஊத்தி உயர்த்திக் கொடுப்பார்.

விதை

விதையில் ரெண்டு சாதி. ஒண்ணு காத்திருக்காதது. வேம்பு, நாவல், இலுப்பை எல்லாம் இந்த வகை. சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி உடனே போடணும், வெயிலில் காயப்போட்டா போச்சு. நாவலில் ஒரு வேடிக்கை, ஒரே கொட்டையிலிருந்து ரெண்டு மூணு நாத்து வரும். நல்லதை விட்டுட்டு மத்ததைக் கிள்ளிடலாம்.

இன்னொண்ணு காத்திருக்கிறது. வாகை, கருவேலம், கொன்றை மாதிரி தோல் கெட்டியான விதை. வருஷக்கணக்கில் இருக்கும், ஆனா தண்ணி உள்ள போகாததால சும்மா போட்டா முளைக்காது. கொதிச்சு இறக்கின தண்ணியில் போட்டு, ஆறவிட்டு, ராத்திரி முழுக்க ஊறவைப்பாங்க. அடுப்பில் வச்சுக் கொதிக்கவிடக் கூடாது. கருவேலத்துக்கு நம்ம ஊர்ல இதைவிட நல்ல முறை இருந்துச்சு. ஆடு நெத்தைத் தின்னும், வயித்துக்குள்ளயே தோல் இளகிடும், பட்டியில் கிடக்கிற விதையைப் பொறுக்கி விதைப்பாங்க. எந்தச் செலவும் இல்லை.

சந்தனம் தனிக்கதை. அதோட வேர் பக்கத்துச் செடியோட வேரைப் பிடிச்சு உறிஞ்சி வாழும். அதனால பையிலேயே ஒரு துணைச்செடி வேணும். துவரை போடுவாங்க, பொன்னாங்கண்ணி வைப்பாங்க. துணை இல்லாம வளர்த்த சந்தனக்கன்று கொஞ்ச நாள் நல்லாத்தான் இருக்கும், அப்புறம் மஞ்சளாகி நின்னுடும்.

காடு மீட்கிறவங்களுக்கு விதை எங்கிருந்து வருதுங்கிறது இன்னும் பெரிய விஷயம். ஒரு ஆபீஸ் வளாகத்தில் கைக்கெட்டுற மாதிரி ஒரு மரம் நிக்கும். மொத்த விதையும் அதிலேயே எடுத்துடுவாங்க. அப்ப நடுற ஆயிரமும் ஒரு தாய் மக்கள். ஒரு நோய் வந்தா எல்லாத்துக்கும் வரும், நாளைக்கு அதுக்குள்ளேயே மகரந்தம் மாறினா வர்ற விதையும் சொத்தை. ஒரு இனத்துக்குக் குறைஞ்சது 20, 30 மரத்திலிருந்து, அதுவும் தள்ளித்தள்ளி நிக்கிற மரங்களிலிருந்து எடுக்கணும்னு சொல்றது இதனாலதான். ஒரு மரத்தில் இருக்கிற அத்தனையையும் வழிச்சு எடுத்துடவும் கூடாது. அணிலுக்கும் பறவைக்கும் அந்தக் காட்டுக்கும் பங்கு இருக்கு.

சோழமண்டலக் கடற்கரையை எடுத்துக்குங்க. இங்க இருந்தது உலர் பசுமைமாறாக் காடு. வீரை, கருங்காலி, உலக்கைப்பாலை, காசா மாதிரி மரங்கள். இலை தடிப்பா இருக்கும், கோடையிலும் பச்சை மாறாது. இன்னைக்கு அது மிஞ்சியிருக்கிறது பெரும்பாலும் கோயில் காடுகளில்தான், ஐயனாருக்குப் பயந்து யாரும் வெட்டாததால. புதுச்சேரிக்கு வடக்கே கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு அப்படி மிஞ்சின ஒண்ணு. 1968-ல் ஆரோவில் தொடங்கினப்போ அந்தச் செம்மண் மேடு பெரும்பாலும் பொட்டல். மழை பெய்தா மண்ணே கரைஞ்சு கடலுக்குப் போகும். அங்க மரம் வச்சவங்க முதல்ல வரப்பு போட்டு மழைத்தண்ணியை நிறுத்தினாங்க. சீக்கிரம் வளர்ற ஆஸ்திரேலிய அகேசியா மாதிரி மரங்களை நட்டு நிழல் உண்டாக்கினாங்க. அப்புறம்தான் அந்த நிழலில் இந்த நாட்டுமரங்களைக் கொண்டு வந்தாங்க. அதுக்குக் கன்று எந்தக் கடையிலும் கிடையாது. எந்த மரம் எப்ப காய்க்கும், பழம் விழுந்து எத்தனை நாளுக்குள்ள எடுக்கணும், எது முளைக்க மாசக்கணக்கில் ஆகும்னு மரத்தடியிலேயே நின்னு கத்துக்கிட்டாத்தான் உண்டு.

கோயில் காட்டில் விதை எடுக்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. பல ஊரில் ஒரு சுள்ளி ஒடிக்கக்கூட விடமாட்டாங்க. பூசாரியிடமும் ஊர்க்காரர்களிடமும் கேட்டுட்டுப் போங்க. கீழ விழுந்ததை மட்டும் எடுங்க.

தூண்டில் முள்

விதையை நேரா பையில் போடுறது ஒரு முறை. தாய்ப்பாத்தியில் தூவி, முளைச்ச பிறகு பைக்கு மாத்துறது இன்னொண்ணு. வேம்பு, புங்கம் மாதிரி பெரிய விதைக்கு நேரா போடுறதே நல்லது. பொடி விதைக்குப் பாத்திதான் வசதி.

மாத்துற அந்த அஞ்சு நொடியில் ஒரு மரத்தோட ஆயுள் தீர்மானமாகுதுன்னு சொன்னா மிகையில்லை. நாத்தைப் பிடுங்குறோம், வேர் நீளமா இருக்கு, குச்சியால போட்ட குழி சின்னதா இருக்கு. உள்ள அழுத்தினா வேர் நுனி மடிஞ்சு தூண்டில் முள் மாதிரி மேல பார்க்கும். வெளிய ஒண்ணுமே தெரியாது. அந்த வளைவு கடைசிவரை போகாது. நாலு இலை வர்றதுக்குள்ள மாத்திடணும். குழியை ஆழமா போடணும். வேர் ரொம்ப நீளமா இருந்தா மடிக்கிறதுக்குப் பதிலா பிளேடால நறுக்கிடலாம், வெட்டின இடத்திலிருந்து புது வேர் வரும். நாத்தை இலையைப் பிடிச்சுத் தூக்கணும், தண்டைப் பிடிக்கக் கூடாது. இலை போனா வேற இலை வரும், தண்டு நசுங்கினா அவ்வளவுதான். வேர் வெயிலைப் பார்க்கக் கூடாது, ஈரச்சாக்கில் மூடி வைக்கணும். இப்படிச் செய்யத் தெரிஞ்ச கைக்கும் தெரியாத கைக்கும் ஒரே கூலி, அதுவும் எத்தனை பைன்னு எண்ணிக் கொடுக்கிற கூலின்னா, வேகமா மடிச்சுத் திணிக்கிற கைதான் ஜெயிக்கும்.

மண்கலவை பத்தி சுருக்கமா. செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒண்ணு, மக்கின தொழு உரம் ஒண்ணு. "மக்கின"ங்கிறதுதான் முக்கியம். பாதி மக்கின சாணியில் சூடு வரும், வேர்ப்புழு வரும், கரையான் வரும். மணல் விலைக்குப் பயந்து எம்-சாண்ட் போட்டா அதில் இருக்கிற மாவு அடைச்சுக்கிட்டு தண்ணி தேங்கும். அதுக்கு உமிக்கரி பரவாயில்லை. தென்னைநார்க்கழிவு நல்லதுதான், ஆனா அலசாம, மக்கவைக்காம போட்டா உப்பு நாத்தைக் கருக்கிடும். காட்டு மர இனம்னா தாய்மரத்தடி மண் ஒரு பிடி கலந்துக்குங்க, அதில் வேரோட கூட்டு வச்சு வாழுற பூஞ்சை இருக்கும்.

கஷ்டம் காட்டி வளர்க்கிறது

நர்சரியில் கன்று சொகுசா இருக்கு. நிழல், தினம் ரெண்டு வேளை தண்ணி. அதைக் கொண்டுபோய் பொட்டல்ல வச்சா என்ன ஆகும்? அதனால கடைசி நாலு முதல் ஆறு வாரம் அதைப் பழக்கணும். நிழல்வலையைக் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும், தண்ணியை நாள்விட்டு நாள் ஆக்கணும். இலை லேசா தொங்க ஆரம்பிக்கும்போது ஊத்தினா போதும். தழைச்சத்து உரம் அப்ப வேண்டாம். கன்று வளர்றது நிக்கும், தண்டு பச்சை மாறிப் பழுப்பாகும், இலை தடிக்கும். பார்க்க அழகு குறையும். ஆரம்பத்தில் சொன்னேனே, யாரும் தொடாத அந்தக் கட்டைக்கன்று, அது இதுதான்.

கையில் ஒரு ஸ்கேல் இருந்தா ஒரு சின்னக் கணக்குப் போடலாம். கன்றோட உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுங்க. மண்ணை ஒட்டின இடத்தில் தண்டோட குறுக்களவை மில்லிமீட்டரில் எடுங்க. முதலாவதை ரெண்டாவதால வகுங்க. 6-க்குக் கீழ வந்தா திடமான கன்று. 60 சென்டிமீட்டர் உயரம், 5 மில்லிமீட்டர் தண்டுன்னா 12 வருது, குச்சி வச்சுக் கட்டினாத்தான் நிக்கும். 40 சென்டிமீட்டர், 8 மில்லிமீட்டர்னா 5. கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம். எடுத்ததும் வேரையும் பாருங்க. நூறு கன்று வாங்குறீங்கன்னா ரெண்டு பையைக் கிழிச்சுப் பார்க்கிறேன்னு கேளுங்க. அந்த ரெண்டுக்கும் காசு கொடுத்துடுங்க. நல்ல நர்சரிக்காரர் கோவிச்சுக்க மாட்டார்.

பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்குச்சு. மாநிலப் பரப்பில் 33 சதவீதம் காடும் மரமுமா இருக்கணும்கிறது இலக்கு. அதுக்குக் கோடிக்கணக்கில் கன்று வேணும், அத்தனையும் எங்கேயோ ஒரு நாற்றங்காலில் பைக்குள்ள வளரணும். எத்தனை நட்டோம்னு வர்ற செய்தி மாதிரி, எத்தனை கன்றைத் தரமில்லைன்னு கழிச்சோம்னும் ஒரு செய்தி வந்தா நான் சந்தோஷப்படுவேன். கழிச்சுப்போடத் துணிஞ்ச நர்சரிதான் நல்ல நர்சரி. எண்ணிக்கைக்குக் கணக்குக் காட்ட வேண்டியவருக்கு அந்தத் துணிச்சல் வராது, அது அவர் குத்தமும் இல்லை.

ஒரு நேயர் கேள்வி

மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் எழுதியிருக்கார்: "எங்க பள்ளிக்கு இருநூறு கன்று வந்திருக்கு. ஒண்ணைக் கிழிச்சுப் பார்த்தா வேர் சுத்தியிருக்கு. திருப்பி அனுப்ப வழியில்லை. என்ன செய்யலாம்?"

ஐயா, எல்லாத்தையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. நடுறதுக்கு முன்னாடி பையோட அடியில் ரெண்டு விரற்கடை அளவுக்கு மண்ணோட சேர்த்து நறுக்கிடுங்க. அடியில் சுருண்ட முடிச்சு அதோட போயிடும். அப்புறம் பையைக் கிழிச்சு எடுத்துட்டு, மண்கட்டியோட பக்கவாட்டில் மூணு நாலு இடத்தில் பிளேடால மேலிருந்து கீழா மெல்லிசா கீறுங்க. சுவரை ஒட்டிச் சுத்தின வேர் அங்கங்க அறும், அறுந்த இடத்திலிருந்து வெளிப்பக்கமா புது வேர் கிளம்பும். வேர் குறைஞ்சதால மேல இலையையும் மூணில் ஒரு பங்கு கிள்ளிடுங்க. மழை பிடிச்ச பிறகு, சாயங்கால நேரமா நடுங்க. சுத்தின வேர் பென்சில் தடிமனுக்குக் கட்டையாகி, தண்டோட கழுத்தையே வளைச்சிருந்தா மட்டும் அந்தக் கன்றை நட வேண்டாம். அந்தக் குழியில் ஒரு பூவரசம்போத்து வைங்க, இல்லேன்னா ரெண்டு புங்கங்கொட்டை போடுங்க. வேர் முதல் நாளிலிருந்தே அதுபாட்டுக்கு இறங்கும். கிழிச்ச பையை எல்லாம் பிள்ளைகளை எண்ணி எடுத்துட்டு வரச் சொல்லுங்க, குழியிலேயே விட்டுடப் போறாங்க.